பலகை அஞ்சலில் தொலையும் புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொலைபேசி வழியே கணினிகளை இணைத்த மோடம் ஒழிந்ததோடு, பிபிஎஸ் எனப்படும் கணினி அறிவிப்புப் பலகைகளின் அஞ்சலும் ஒழிந்தது என்று தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கட்டுரை முடிகிறது. ஒழிந்தது மோடம் மட்டுந்தான். இந்தப் பலகைகளை ஒன்றோடொன்று இணைக்க 1984இல் டாம் ஜென்னிங்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஃபைடோநெட் என்ற வலையமைப்பு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவில் போன் போட்டு மாற்றிக்கொண்ட அதே அஞ்சல் பொட்டலங்கள் இப்போது இணையத்தில், பிங்க்பி என்ற நெறிமுறையில், 24554ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) வழியாகப் போய்வருகின்றன. தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதை மறப்பது நன்றாக இல்லை. இந்நாட்டு ரோட்ஸ் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் வெளிநாட்டு மின்னஞ்சலுக்குப் பயன்படுத்திய வழி, ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் ராண்டி புஷ் நடத்திய ஃபைடோநெட் நுழைவாயில். 1991 நவம்பரில் இங்கிருந்து முதல் இணையப் பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் அவர் வீட்டுக்குத்தான்.

டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ ஒரு சங்கமோ தமிழ் வகுப்போ இப்படியொரு பலகையை நடத்த நினைத்தால், பழைய கணினி ஒன்றும் லினக்ஸும் போதும். மென்பொருளில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது மெயிலர், அதற்கு பிங்க்டி. வந்ததைப் பிரித்து அந்தந்தப் பகுதியில் போடுவதும், போக வேண்டியதைக் கட்டி வைப்பதும் தாஸர். அதற்கு ஹஸ்கி தொகுப்பின் எச்பிடி. இரண்டையும் தனித்தனியே கட்ட அலுப்பாக இருந்தால் சின்க்ரோநெட்டில் எல்லாம் சேர்ந்தே வருகிறது.

முதலில் ஒரு ஹப், அதாவது பல பலகைகளுக்கு அஞ்சலை வாங்கிப் பிரித்தனுப்பும் மையம், நடத்துபவரிடம் எழுதிக் கேட்டு முகவரியும் கடவுச்சொல்லும் வாங்குங்கள். பிங்க்டியின் அமைப்புக் கோப்பில் முக்கியமானவை நான்கைந்து வரிகளே: டொமைன் (வலையமைப்பின் பெயர்), அட்ரெஸ் (உங்கள் முகவரி), இன்பவுண்ட் (வரும் கோப்புகளுக்கான அடைவு), பாதுகாப்பற்ற இன்பவுண்ட் (கடவுச்சொல் இல்லாமல் வருபவற்றுக்கான அடைவு), ஹப்பைக் குறிக்கும் நோட் வரி. நோட் வரியில் ஹப்பின் முகவரி, அதன் இணையப் பெயர், கடவுச்சொல் மூன்றும் இருக்கும். ஃபைடோநெட் உலகை மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறது; டொமைன் வரியின் கடைசியில் அந்த மண்டல எண் வரும். ஆப்பிரிக்காவுக்கு ஒதுக்கப்பட்ட எண் 5. உங்களுக்குக் கிடைத்த முகவரி எந்த மண்டலமோ அந்த எண்ணையே போடுங்கள். இதில் தவறினால் அஞ்சல் ஒருநாளும் வெளியே போகாது. ஏனென்றால் தன் மண்டலத்து அஞ்சலுக்கு, போக வேண்டியவை காத்திருக்கும் அவுட்பவுண்ட் அடைவின் பெயர் வெறுமனே நிற்கும். பிற மண்டலத்துக்கு 002, 005 என்று மூன்று இலக்க வால் முளைக்கும். தாஸர் ஒன்றில் வைக்க, மெயிலர் இன்னொன்றில் தேடும். இரண்டு பேரும் பிழைச்செய்தி எதுவும் சொல்லமாட்டார்கள்.

அந்த அவுட்பவுண்டில் கிடக்கும் கோப்புப் பெயர்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பெயர் எட்டு இலக்கம், பதினாறடிமான எண்ணில்: முதல் நான்கு நெட், அடுத்த நான்கு நோட். முகவரி மண்டலம்:நெட்/நோட் என்று அமையும். ஹப் 5:400/20 என்று வைத்துக்கொண்டால், 400 என்பது 0190, 20 என்பது 0014; ஆக 01900014 என்று தொடங்குவதெல்லாம் அந்த ஹப்புக்கானது.

கடவுச்சொல் இரண்டு இடத்தில் உண்டு. ஒன்று பிங்க்டியில், இணைப்புக்கு. மற்றொன்று தாஸரில், பொட்டலத்தின் தலைப்பில் பதிவது, எட்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது. இணைப்புக்குக் கடவுச்சொல்லே வைக்காவிட்டால் வந்த கோப்புகள் பாதுகாப்பற்ற அடைவில் விழும். அங்கிருந்து பொது அஞ்சலை எடுத்துப் பிரிக்க எச்பிடி மறுத்துவிடும். ‘லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) எல்லாம் வந்ததாகத்தான் இருக்கிறது, பலகையில் ஒன்றையும் காணோம்’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ரவுட்டரில் போர்ட் திறக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், பொது முகவரி உங்களிடம் இல்லை, வெளியார் உங்களை அழைக்க முடியாது. செல்பேசி டேட்டாவில் இதுதான் வழக்கம். நீங்கள் ஹப்பை அழைத்தால் போதும். பிங்க்டிக்குச் சிறிய ‘-p’ சுவிட்சும், பெரிய ‘-P’ சுவிட்சோடு ஹப்பின் முகவரியும் கொடுத்தால் ஒருமுறை போய், கொடுத்து, வாங்கி, நின்றுவிடும். குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் மூலம் அரைமணிக்கு ஒருதரம் ஓட்டுங்கள்.

இந்த ஊருக்கே உரிய கேடு மின்வெட்டு. பாதியில் நின்ற கோப்பைப் பற்றிக் கவலையில்லை, பிங்க்பி விட்ட இடத்திலிருந்து தொடரும். தொல்லை கொடுப்பது பிஎஸ்ஒய் என்ற பூட்டுக் கோப்பு. அஞ்சல் பரிமாறும்போது மின்சாரம் போனால் அது அழியாமல் கிடக்கும். மறுபடி எழுந்த பிங்க்டி யாரோ வேலை செய்வதாக எண்ணி ஹப்பைத் தொடாது. பழைய பூட்டை எப்போது நீக்குவது என்று சொல்லும் கில்-ஓல்ட்-பிஎஸ்ஒய் வரியில் பன்னிரண்டு மணி நேரம் என்றிருந்தால் அரைநாள் அஞ்சல் கிடையாது. அதை ஒரு மணியாக்குங்கள். கணினி எழும்போதே, பிங்க்டி தொடங்கும் முன், பூட்டுகளை நீக்கும் ஒரு கட்டளையும் வையுங்கள். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் வைப்பவர்கள் கவனிக்க: நான்காம் மாடல் வரை அதில் கடிகாரச் சில்லு இல்லை. இணையத்தில் நேரம் வாங்கும்வரை காத்திருந்து பிறகு பிங்க்டியைத் தொடங்காவிட்டால் பூட்டின் வயதும் பிழை, மடலின் தேதியும் பிழை.

இனித் தமிழுக்கு வருகிறேன், கட்டுரை தொடாத இடம் இது. ஃபைடோநெட்டின் அடிப்படை விதி, 8டி (பதினாறடிமானத்தில் 8D) என்ற பைட்டை மென்மையான வரிமுறிவு என்று கொண்டு புறக்கணிக்கச் சொல்கிறது. இன்று எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளியின் மூன்றாவது பைட் அதே 8டி! விதியை அப்படியே பின்பற்றும் பழைய தாஸர் ஒன்று வழியில் இருந்தாலும் மெய்யெழுத்தெல்லாம் சிதைந்து, ‘அம்மா’ நடுவில் கேள்விக்குறியோடு வந்து சேரும். ரஷ்யர்களுக்கும் இதே பாடு இருந்தது: அவர்களுடைய பழைய குறிமுறையில் ‘ந’ ஒலிக்குரிய பெரிய எழுத்துக்கு அந்த எண்தான்.

ஆகவே மாணவர்களை அழைக்கும் முன் ஒரு சோதனை. ‘தமிழ்ப் பள்ளி’ என்று மட்டும் எழுதி ஹப்புக்கு அப்பால் உள்ள ஒருவருக்கு அனுப்பி, அவருக்குக் கிடைத்த கோப்பைத் திரும்ப வாங்கி ஒவ்வொரு பைட்டையும் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பாருங்கள். அந்த வரி 37 பைட் இருக்க வேண்டும். 34 என்றால் மூன்று புள்ளிகளும் வழியில் அறுந்துவிட்டன. ஹப்பை மாற்றுங்கள், உங்கள் அமைப்பைக் குடைய வேண்டாம். 37 பைட்டும் இருந்து திரையில் மட்டும் கோளாறென்றால், மடலில் குறிமுறையைச் சொல்லும் சிஎச்ஆர்எஸ் வரியில் யூடிஎஃப்-8, 4 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

மடலில் பெயருக்கு 35 பைட்தான் இடம். ‘சுப்பிரமணியம்’ 39 பைட் ஆகிறது, கடைசி ‘ம்’ வெட்டுப்படும். ‘மணியம்’ என்று பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். மடலின் தலைப்புக்கு 71 பைட், அதாவது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி 23 குறிகள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்