பாப்பாவுக்கு, ரீஃபண்ட் விஷயமா

சத்துவாச்சாரி, வேலூர்
20-7-2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். முதல் ஆடி வெள்ளிக்கு அம்மா சித்தியோட படவேடு போயிட்டு வந்தா. மத்த சேதியெல்லாம் அவளே போன்ல சொல்லுவா. எனக்கு இன்கம் டாக்ஸ் பத்தித்தான் பேசணும். போன்ல கேட்டா நீ கம்முனு ஆயிடற, அதான் எழுதறேன்.

இந்த வருஷம் ரிட்டர்ன் போட செப்டம்பர் 15 வரைக்கும் நாள் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் போலி மெசேஜும் வந்துகிட்டே இருக்கும். "15,490 ரூபாய் ரீஃபண்ட் உங்களுக்கு அனுமதி ஆயிடுச்சு, இந்த அக்கவுண்டுக்கு வரும், நம்பர் தப்புனா லிங்க்ல திருத்துங்க"ன்னு 2023ல ஒண்ணு சுத்துச்சு. அது போலின்னு மத்திய அரசோட செய்திப் பிரிவு பிஐபியே சொன்னாங்க. அதுல சூட்சுமமே அந்தத் தப்பான அக்கவுண்ட் நம்பர்தான். நம்ம பணம் எவனுக்கோ போவுதேன்னு பதறி கை தானா லிங்க்கை அமுக்கிடும்.

நிஜத்துல ரீஃபண்ட் போறது இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல நீ முன்னாடியே வேலிடேட் பண்ணி வெச்ச அக்கவுண்டுக்குத்தான். கார்டு நம்பர், பின், ஓடிபி எதையும் டிபார்ட்மெண்ட் கேக்காது. ஒண்ணு கவனிச்சுக்க: கல்யாணத்துக்கு அப்புறம் பேங்க்ல பேர் மாத்தின. பான்ல மாத்தினியா? ரெண்டு இடத்துலயும் பேர் ஒத்துப்போகலைன்னா வேலிடேஷன் ஃபெயில் ஆகும், ரீஃபண்ட் அங்கேயே நிக்கும். அந்த நேரம் பாத்து ஒரு போலி மெசேஜ் வந்தா படிச்சவங்களும் நம்பிடுவாங்க. லிங்க்கைத் தொடாம, இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்னு நீயே டைப் பண்ணி உள்ள போ. கடைசியில ஜிஓவி டாட் இன்னு முடியணும். நடுவுல எங்கயாச்சும் இருந்தா அது கணக்கு இல்ல.

நோட்டீஸ்னு வந்தா முதல்ல டின் (DIN) நம்பரைப் பாரு, அது ஒவ்வொரு கடுதாசிக்கும் டிபார்ட்மெண்ட் போடற அடையாள நம்பர். 2019 அக்டோபர் 1லேர்ந்து டிபார்ட்மெண்ட் கடுதாசியில அது இருக்கணும். அந்த நம்பரைப் போட்டு, நோட்டீஸ் நிஜமா பொய்யான்னு போர்ட்டல்லயே பாக்கலாம், லாகின் கூட வேணாம். வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைலா, அதாவது ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைலா வந்தா திறக்கவே கூடாது. இன்ஸ்டால் ஆனதும் அது உன் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும், ஓடிபி நீ சொல்லாமலே அவன் கைக்குப் போயிடும். "உதவி பண்றோம், எனிடெஸ்க் போடுங்க"ன்னாலும் அதே கதைதான், அது உன் போனை அவன் அங்கேர்ந்தே பாக்கற ஆப்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். படிச்ச பொண்ணு, வீட்டுல கம்பெனி குடுக்கற ஃபார்ம் 16ஐப் பாத்து தானே ரிட்டர்ன் போட்டுக்கிட்ட முதல் ஆளு நீ. எங்க ஆபீஸ்ல எத்தனை பேர்கிட்ட சொல்லிப் பெருமைப்பட்டிருக்கேன். அப்படிப்பட்டவ இப்ப ரெண்டு பேர் ரிட்டர்னையும் யார்கிட்டயோ குடுக்கறியே, அதான் மனசுக்கு ஒப்பல.

மாப்பிள்ளையைக் குறை சொல்றேன்னு நினைக்காத. ஃபிரெண்ட் மூலமா ஒரு ஏஜெண்ட், போன வருஷம் 68,000 ரீஃபண்ட், அதுல பத்து பர்சென்ட் கமிஷன்னு அவர் சந்தோஷமாத்தான் சொன்னாரு. நான் ஒண்ணும் பேசல. அவர்கிட்ட நான் எப்படிக் கேக்கறது? உன்கிட்ட கேக்கலாம். ரிட்டர்ன் போடறவன் ஃபீஸ் வாங்குவான். ரீஃபண்ட்ல பங்கு கேக்கறவன் ரீஃபண்டை ஏத்தத்தான் பாப்பான்.

இந்த மாதிரி ஏஜெண்டுங்க பண்றது இதுதான். கம்பெனி புது ரெஜிம் கணக்குல சம்பளத்துலேர்ந்தே வரி (டிடிஎஸ்) புடிச்சிருக்கும். இவன் கழிவெல்லாம் காட்டக்கூடிய பழைய ரெஜிமுக்கு மாத்தி, குடுக்காத கட்சி நன்கொடையை 80ஜிஜிசி பிரிவுல, இல்லாத வியாதியை 80டிடிபில, கட்டாத வாடகையை எச்ஆர்ஏல போடுவான். போர்ட்டல்ல உங்க நம்பர், இமெயிலை எடுத்துட்டு தன்னோடதைப் போட்டுடுவான். நோட்டீஸ் வந்தா அவனுக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த மாசம் 14ஆம் தேதி நாடு முழுக்க 150 இடத்துல டிபார்ட்மெண்ட் சோதனை போட்டது இந்த மாதிரி ஆளுங்களைத்தான். ஆனா ரிட்டர்ன்ல இருக்கறது மாப்பிள்ளை பேரு, பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். தப்பாக் காட்டினதுன்னு முடிவானா 270ஏ பிரிவுல வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம். 68,000 அத்தனையும் பொய்க் கழிவுன்னு வெச்சுக்க, அதைத் திருப்பிக் கட்டி மேல 1,36,000, வட்டி தனி. ஏஜெண்ட் வாங்கின 6,800 வராது.

அதனால ஒரு வேலை பண்ணு. மாப்பிள்ளையோட லாகின்ல மை ப்ரொஃபைல் போய் மொபைல், இமெயில் யாருதுன்னு பாரு. உங்களுது இல்லன்னா முதல்ல அதை மாத்து, அப்புறம் பாஸ்வேர்ட். இ-ஃபைலிங் வால்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல ஆதார் ஓடிபி இல்லாம லாகின் ஆகாத மாதிரி வெச்சுடு. பாஸ்வேர்ட் தெரிஞ்சாலும் ஏஜெண்ட் உள்ள போக முடியாது. அவன் ஓடிபி கேட்டா மட்டும் குடுத்துடாதீங்க. அடுத்து போன வருஷ ரிட்டர்னை டவுன்லோட் பண்ணு. சாப்டர் 6ஏ கழிவுகளை, அதாவது 80ன்னு ஆரம்பிக்கற பிரிவுகள்ல காட்டினதை ஒவ்வொண்ணா எடுத்து, இதுக்கு ரசீது இருக்கான்னு அவரையே கேளு. சண்டையா கேக்காத, கணக்கு பாக்கற மாதிரி கேளு.

ரசீது இல்லன்னா போன வருஷத்துக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம். விசாரணை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போடணும். அடுத்த மார்ச் 31க்குள்ள போட்டா வரியும் வட்டியும் கட்டி, அதுல 25 பர்சென்ட் கூடுதல். அதுக்கப்புறம் போட்டா 50 ஆயிடும். 68,000க்கு 17,000 சொச்சம்தான் அதிகம் வரும். வலிக்கும், ஆனா அபராதத்தோட பாத்தா எவ்வளவோ தேவலை. இந்த வருஷத்துது ஏற்கனவே போட்டாச்சுன்னா டிசம்பர் 31க்குள்ள ரிவைஸ் பண்ணலாம், அதுக்கு அபராதம் கிடையாது. இன்னும் போடலைன்னா ரொம்ப நல்லது. உன் வருமானமும் புடிச்ச வரியும் டிபார்ட்மெண்ட் கணக்குல எப்படி இருக்குன்னு காட்டற ஏஐஎஸ், 26ஏஎஸ் ரெண்டையும் ஃபார்ம் 16ஓட ஒத்துப் பாத்து நீயே போடு. போட்டதும் முப்பது நாளுக்குள்ள இ-வெரிஃபை பண்ணணும்.

உங்க பான், ஆதார் காப்பி அந்த ஆள்கிட்ட இருக்கு, அதுவும் எனக்கு உறுத்துது. ஜிஎஸ்டி போர்ட்டல்ல பான் நம்பரைப் போட்டுத் தேடினா உங்க பேர்ல யாராவது ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்திருக்காங்களான்னு தெரியும். உங்க பேர்ல யாராவது கடன் வாங்கியிருக்காங்களான்னு சிபில் ரிப்போர்ட்டும் ஒரு தடவை எடுத்துப் பாத்துடு. அக்கவுண்ட்லேர்ந்து பணம் போயிருந்தா அந்த நிமிஷமே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடி. எவ்வளவு சீக்கிரம் சொல்றியோ அவ்வளவு நல்லது. பணம் அடுத்த அக்கவுண்டுக்குப் போறதுக்குள்ள நிறுத்தி வெக்க முடிஞ்சாத்தான் திரும்பக் கிடைக்கும்.

திரும்பவும் சொல்றேன், முதல்ல அந்த மொபைல் நம்பரைப் பாரு. பாஸ்வேர்டை எனக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பாத. ஞாயித்துக்கிழமை காலையில நீயே கூப்பிடு, மாப்பிள்ளை வாக்கிங் போற நேரம். ரிட்டர்ன் பிடிஎஃப்பைத் திறந்து வெச்சுக்க, ஒவ்வொரு வரியாப் பாக்கலாம். அவர் கேட்டா உன் ரிட்டர்ன்ல சந்தேகம்னு சொல்லிடு.

அன்புடன்,
நைனா

இலவம்பாடி கத்திரிக்கா நல்லா வருது. சீனு அடுத்த வாரம் பெங்களூர் வரும்போது அம்மா குடுத்து அனுப்புவா.