குழாயடியில தெரிஞ்சது கதவுக்குப் பின்னாடி தெரியல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் பத்தி நீங்க போட்டிருந்த பக்கம் படிச்சேன் சார், மோர் குடிங்க, குடை எடுத்துட்டுப் போங்க, மத்தியானம் வெளிய போகாதீங்க, எல்லாம் சரிதான். ஆனா வீட்டுக்குள்ளயே தனியா வெந்துட்டு இருக்கறவங்களுக்கு ஒரு வரி கூட இல்ல.

நாங்க வடசென்னைல பழைய ஹவுசிங் போர்டுல இருக்கோம், எங்க தலைக்கு மேல மொட்டைமாடி, பகல்ல ஏறின சூடு ராத்திரி பூரா எறங்கிட்டே இருக்கும், ஃபேன் போட்டா அனல்தான். எதிர்வீட்டு பாட்டி தனி ஆள். போன கத்திரில ரெண்டு நாளா அவங்க சத்தமே இல்ல, எங்க யாருக்கும் உறைக்கவே இல்ல, என் பொண்ணுதான் கேட்டா. போய் தட்டினா கதவு திறக்கவே அஞ்சு நிமிஷம், உடம்பு கொதிக்குது, பேச்சு குழறுது. ஈரத்துணி போத்தி ஆட்டோல தூக்கிட்டு ஓடினோம், பொழச்சிட்டாங்க.

லாரித்தண்ணி காலத்துல இப்படி ஆகியிருக்காது. வரிசைல ஒரு குடம் கொறஞ்சாலே எங்க அந்தம்மான்னு நாலு பேர் கேப்பாங்க. குழாயடி சண்டைன்னு கேலி பண்றோம், சண்டைக்கு ஒரு ஆள் வரலன்னா அன்னிக்கே தெரிஞ்சிடும். இப்ப வீட்டுக்குள்ளயே பைப்பு, நிம்மதிதான், கதவும் சாத்தியாச்சு.

1995 ஜூலைல சிகாகோல 41 டிகிரி அடிச்சு 700 பேருக்கு மேல செத்தாங்க, நெறைய பேர் தனியா, சாத்தின கதவுக்குள்ள. அங்க நார்த் லான்டேல், சவுத் லான்டேல்னு ஒட்டினாப்ல ரெண்டு ஏரியா, ரெண்டுலயும் வறுமை, தனியா இருக்கற பெருசுங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வடக்குல லட்சத்துக்கு 40 சாவு, தெற்குல 4 கூட இல்ல. எரிக் க்ளினன்பெர்க்னு ஒரு சமூகவியல் பேராசிரியர் அலசிப் பாத்தா, தெற்குல தெரு பூரா கடை, ஜனம், கெழவிங்க கூட எறங்கி வந்தாங்க, வடக்குல கடைங்க போயி தெருவே காலி, பயந்து உள்ளயே கெடந்தாங்க. 1999ல மறுபடி வெயில் வந்தப்ப தனியா இருக்கறவங்களுக்கு போன் போட்டு, வீடு வீடா ஆளனுப்பினாங்க, சாவு நூத்திச் சொச்சம். (வெயிலும் கொஞ்சம் கம்மிதான், அதையும் சொல்லணும்.)

இங்க 2024ல வெப்ப அலைய மாநிலப் பேரிடரா அறிவிச்சு, செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம்னாங்க. சரி, சாகறதுக்கு முன்னாடி யாரு வந்து கதவத் தட்டுவா?

எங்க கேட் பக்கத்துல வேப்பமரத்தடில ஒரு இஸ்திரி வண்டியும் கீரைக்கார அக்காவும் இருக்காங்க, பாட்டி தெனமும் சாயங்காலம் போய் உக்கார்றது அங்கதான். பார்க்கிங்குக்கு எடம் வேணும், ரெண்டு பேரையும் கெளப்பணும்னு அசோசியேஷன்ல பேச்சு ஓடுது. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வடசென்னை