கயிறு கேட்டால் மரத்தைப் பற்றிக் கேட்கிறோம், ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கினால், ஓட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கிற மாங்கொப்பும் மதிலைத் தள்ளுகிற வேம்பும் எல்லோர் கண்ணிலும் படத் தொடங்கும். எங்கள் கடையிலும் கயிறு கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். இந்த முறை மரம் ஏறவென்று நீலக் கயிறு கேட்ட சிலரை வெறுங்கையோடு அனுப்பினோம். வேறு சிலரிடம், "என்ன மரம், மேலே எங்கே கட்டப்போறியள்?" என்று கேட்டுக் கோபத்தையும் வாங்கிக்கொண்டோம். அதற்கான விளக்கம்தான் இந்த மடல்.

போன மாரியில் ஒரு தம்பி வள்ளத்துக்கு என்று சொல்லி 12 மில்லிமீற்றர் கயிறு வாங்கிப் போனார். மூன்றாம் நாள் கையில் மாவுக்கட்டோடு வந்தார். கயிற்றை மேசையில் வைத்து, "அண்ணை, பாருங்கோ, கயிறு அறேல்லை" என்றார். உண்மைதான், கயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. முறிந்தது கொப்பு. வெளியே பச்சையாக நின்ற மாங்கொப்பு, உள்ளே கோறை. அதைவிட, கயிற்றைக் கொப்புக்கு மேலால் எறிந்து, மறுமுனையை அடிமரத்தில் கட்டிவிட்டுத் தொங்கியிருக்கிறார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 80 கிலோ ஆள் ஒரு பக்கம் தொங்குகிறார். அவரைத் தாங்க மறுபக்கக் கயிறும் அதேயளவு கீழே இழுக்கிறது. ஆகவே கொப்பின் மேல் இறங்குவது 160 கிலோ. பட்டையில் உரசுவதால் இது சற்றுக் குறையலாம், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. ஏறும்போது உன்னுகிற ஒவ்வொரு உன்னலுக்கும் பாரம் இன்னும் ஏறும். அதே கயிற்றை மேலே கொப்பிலேயே ஓடுசுருக்காக இறுக்கியிருந்தால் கொப்புக்கு அவருடைய 80 கிலோ மட்டும்தான். கயிற்றைக் கவருக்கு, அதாவது கொப்புப் பிரிகிற இடத்துக்கு, மேலால் போட்டு இரண்டு பக்கமும் தன் இடுப்புப் பட்டியிலேயே முடிகிற பழைய முறையிலும் அப்படித்தான், பக்கத்துக்குப் பாதிப் பாரமாகப் பிரிந்துபோகும்.

அடிமரத்தில் கட்டுவது பிழையான முறை என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு. மேலே ஆள் மயங்கினாலோ குளவி கொட்டினாலோ, கீழே நிற்பவர் யாரும் ஏறாமலே அவரை இறக்கலாம். ஆனால் அடியில் வெறும் முடிச்சு இருந்தால் அது நடக்காது. பாரத்தோடு விட்டு இறக்கக்கூடிய இறக்கு கருவி அங்கே பூட்டியிருக்க வேண்டும், ஆள் நிற்கிற உயரமளவு கயிறு மிச்சமும் வேண்டும். அடிக்கு வருகிற கயிறு வாள்படும் பக்கத்திலோ கொப்பு விழும் பக்கத்திலோ இருக்கவும் கூடாது. இவ்வளவும் செய்ய ஆள் இல்லாத இடத்தில், வீட்டு வளவு மா, வேம்புக்கு, இரண்டு பக்கமும் உடலோடு வருகிற முறையைத்தான் நாங்கள் சொல்லுவோம். மெதுவாகத்தான் ஏறலாம், பரவாயில்லை.

ஒற்றைக் கயிற்றில் ஏற விரும்புகிற இளைஞர்களுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் உடலோடு வருகிற இரட்டைக் கயிற்றில் உங்களை நன்றாக இறக்கிவிடுகிற பிளேக்ஸ் முடிச்சு (கயிற்றில் சுற்றிப் போட்டு நகர்த்துகிற முடிச்சு), ஒற்றைக் கயிற்றில் முழுப் பாரத்தையும் தனியே தாங்கி இறுகிவிடும், அல்லது உருகத் தொடங்கும். அதற்கென்று செய்த கருவி இல்லாமல் அந்த முறைக்குப் போகவேண்டாம்.

கொப்பைத் தெரிவதுதான் பாதி வேலை. புளியங்கொம்பைப் பிடித்தவன் என்று சும்மா சொல்லவில்லை, புளி நம்பத் தகுந்த மரம். முருங்கையும் முள்முருக்கும் எவ்வளவு பருத்தாலும் கயிறு போடும் மரங்கள் அல்ல. எந்த மரத்திலும் கயிறு தண்டோடு ஒட்டிய கவரில் விழவேண்டும், நடுக்கொப்பில் அல்ல. ஏறமுன் இரண்டு பேர் சேர்ந்து அதே கயிற்றில் தொங்கிப் பாருங்கள். சடசடப்புக் கேட்டால் நிலத்திலேயே கேட்கட்டும்.

பனைக்குக் கதை வேறு. தளைநாரோடு ஏறிச் சீவுகிறவர்களுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வரவில்லை. ஆனால் பனையை மேலிருந்து துண்டு துண்டாகத் தறிக்கிறவருக்கு இரண்டு கையும் வாளுக்கு வேண்டும். அப்போது கயிறு வட்டுக்குள்ளால், அதாவது உச்சி ஓலைக்கூட்டத்துக்குள்ளால், போகவே கூடாது. கருக்குமட்டையின் பல் எந்தக் கயிற்றையும் அரிந்துவிடும். வட்டுக்குக் கீழே தண்டைச் சுற்றிச் சுருக்காக இறுக்குங்கள், அதோடு இடுப்புக் கயிறு ஒன்றும் வேறாக. செயின் சோ பிடிக்கிற நேரம் எந்த மரத்திலும் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். உள்ளே உருக்குக் கம்பி ஓடுகிற இடுப்புக் கயிறு கைவாளுக்குத் தாக்குப்பிடிக்கும், செயின் சோவுக்கு அல்ல. மின்கம்பிக்குக் கிட்ட அந்த இடுப்புக் கயிற்றைக் கொண்டுபோகவே வேண்டாம். (பெண்பனை, பலா, ஈரப்பலா தறிக்கப் பிரதேச செயலகத்து அனுமதி வேண்டும். இது எங்கள் வியாபாரம் இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.)

இனிக் கயிறு. நாமெல்லாம் நைலோன் என்கிற அந்த நீலக் கயிறு நைலோனே இல்லை, பொலிபுரோப்பிலீன். தண்ணீரில் மிதக்கும், வலைக்கும் வள்ளத்துக்கும் அருமையான சாமான். ஆனால் 165 பாகை அளவில் உருகிவிடும், வெயிலில் பொரிந்து நாராகும். முடிச்சு வழுக்கி இறங்குகிற சூட்டுக்கு அது ஆகாது. மரத்துக்கு எடுக்க வேண்டியது நைலோன் அல்லது பொலியெஸ்டரில், 11 முதல் 13 மில்லிமீற்றர் வரை, இழுபடாத பின்னற்கயிறு. லேபலில் ஈஎன் 1891 ஏ என்ற ஐரோப்பியத் தரம் இருந்தால் நல்லது. அந்தத் தரம் வெறும் கயிற்றுக்கு 22 கிலோநியூட்டன், ஏறத்தாழ 2200 கிலோ தாங்கவேண்டும் என்கிறது. முனையில் முடிச்சோடு என்றால் 15 போதும் என்கிறது. முடிச்சுப் போட்டால் எவ்வளவு போகிறது என்று இதிலேயே தெரியும். மலையேறுகிறவர்களின் இழுபடும் கயிறு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கவேண்டாம். அதில் ஒரே இடத்தில் நின்று வாள் போடமுடியாது, ஊஞ்சல்தான் ஆடலாம்.

கரபினரில், அதாவது கயிறு மாட்டுகிற பூட்டுக் கொழுக்கியில், தாங்கும் பாரத்தின் எண் பொறித்திருக்க வேண்டும். நீளவாட்டில் 22 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்குகிற அதே கொழுக்கி குறுக்கே இழுபட்டால் 7 அளவுதான் தாங்கும். வாய் தானாகப் பூட்டுவதாகவும், திறக்க மூன்று அசைவு வேண்டியதாகவும் பார்த்து எடுங்கள். எண் இல்லாத கொழுக்கி நாய்ச்சங்கிலிக்கு.

கயிற்றை ஓட்டோவில் பற்றறிக்குப் பக்கத்தில் போடாதீர்கள். அந்த அமிலம் பட்ட நைலோன் பார்வைக்கு ஒன்றும் தெரியாமலே பலமிழக்கும். கடற்காற்று கரபினரின் சுருளில் உப்பாக இறுகும். கழுவுவதென்றால் உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள்.

பழைய கயிறு வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், முழம் முழமாகத் தடவிப் பார்த்துச் சொல்லுகிறோம், காசு வேண்டாம். புதிது எடுக்க வருகிறவர்கள் மரத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அடிமரம், கயிறு போட நினைக்கிற கவர், பக்கத்தால் போகிற மின்கம்பி மூன்றும் படத்தில் தெரியவேண்டும்.

அன்புடன்,
கடையார்,
யாழ்ப்பாணம்.