ஐஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழில் உள்ளரங்க ஐஸ் ஸ்கேட்டிங் போட்டிகள் பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லாரும் படித்தோம். உடை, இசை, நடுவர்கள் எல்லாம் சரி, ஆனால் இத்தனையும் எதன் மேல் நடக்கிறதோ அந்த ஐஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. (தலைப்பில் 'பனிச்சறுக்கு' என்று போட்டுவிட்டீர்கள், அது மலைச்சரிவில் இறங்குவது, இது வேறு.)

என் மகள் ஆறு வருடமாக ஃபிகர் ஸ்கேட்டிங் (இசைக்கு ஏற்ப ஐஸில் சுழன்று, எம்பிக் குதிக்கும் வகை) பழகுகிறாள். எல்லாம் ஒரே ஐஸ்தானே என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. இவர்களுக்கு மைனஸ் 3, 4 டிகிரி போலக் கொஞ்சம் இளக்கமாக வேண்டும், காலணியின் அடியில் இருக்கும் பிளேடு ஐஸைக் கடித்துப் பிடித்தால்தான் எம்ப முடியும், இறங்கும்போதும் முட்டியில் அடி அவ்வளவாக ஏறாது. ஐஸ் ஹாக்கிக்காரர்களுக்கு அது ஆகாது, மைனஸ் 5, 6 என்று இறுகிக் கிடந்தால்தான் பக் (பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கும் ரப்பர் வட்டு) சீறிக்கொண்டு ஓடும். அடியில் கான்கிரீட்டுக்குள் ஓடும் குழாய்களில் உப்புக்கரைசலைக் குளிரவைத்து அனுப்பித்தான் ஐஸை நிறுத்துகிறார்கள், அவ்வளவு பெரிய தளம் நினைத்த மாத்திரத்தில் இளகிவிடாது.

இது தெரிந்தே ஓர் அரங்கில் முந்தின ராத்திரி வெகுநேரம் ஹாக்கி ஆடவிட்டு, காலை ஏழு மணிக்குக் குழந்தைகள் போட்டியை வைத்தார்கள். ஒரே மூலையில் மூன்று பேர் விழுந்தார்கள், மூன்றாவது என் மகள். பிளேடு நுனியில் இருக்கும் பற்களைக் குத்தி எம்பும்போது இறுகிய ஐஸ் பிடி கொடுக்காமல் சில்லு சில்லாகப் பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குக் குழி. அவளுடைய பயிற்சியாளர் குனிந்து தூளை அள்ளிக் குழியில் போட்டுக் காலால் மிதித்து மூடினார். விழுந்ததற்கு நடுவர்கள் புள்ளியைக் கழித்தார்கள். குழிக்கு யாரிடம் கழிப்பது?

ஷார்ட் டிராக் (சின்னச் சுற்றில் ஐஸ் மேல் வேகமாக ஓடும் பந்தயம்) பந்தயக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 60க்கு 30 மீட்டர் அரங்கிலேயே 111.12 மீட்டர் சுற்று ஓடுகிறார்கள், வளைவு தேய்ந்தால் அடையாளக் கட்டைகளை நகர்த்திப் பாதையையே கொஞ்சம் தள்ளிவைக்கிறார்கள், பந்தயத்துக்குப் பந்தயம் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வளைவில் ஊற்றுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த வாளித் தண்ணீராவது கிடைக்கக் கூடாதா?

அப்புறம் ஐஸைச் சீவிச் சமப்படுத்தும் அந்த வண்டி. 1949இல் ஃபிராங்க் ஸாம்போனி அதைச் செய்வதற்கு முன்னால் மூன்று நான்கு பேர் சுரண்டி, கழுவி, தண்ணீர் விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் மல்லாடிய வேலை, இப்போது பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிறது. மேல்தோலைச் சீவிவிட்டுச் சுடுதண்ணீரை விடுகிறது. சுடுதண்ணீர் எதற்கு என்று மகள் ஒருநாள் ஓட்டுநரிடமே கேட்டாள். கீறலின் ஓரங்களை லேசாக உருக்கிப் பழைய ஐஸோடு ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீர் விட்டால் மேலாகவே உறைந்து பொருக்காக உரியும் என்றார். இருபது நிமிடம் நின்று சொல்லிக்கொடுத்தார் மனிதர்.

அடுத்த முறை இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரை அப்படி ஓர் ஓட்டுநரிடம் அனுப்புங்கள். போட்டி நடத்துகிறவர்களிடம், முந்தின ராத்திரி ஐஸில் என்ன நடந்தது, காலையில் எத்தனை டிகிரி என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுவிட்டு வரச்சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கேட்டரின் அம்மா