பழைய கதைதான், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் பேச்சைக் கேட்டு 'ராங் டர்ன்' என்ற திகில் படத்தைப் பார்த்துவிட்டு, "காடு, கோடரி, அலறுகிற பிள்ளைகள், இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கோலாலம்பூரிலிருந்து கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

புதிதாக எதுவும் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. நெடுஞ்சாலையில் இரசாயனம் கொட்டிப் போக்குவரத்து நின்றுவிட, நேர்முகத் தேர்வுக்கு விரையும் இளைஞன் மண்சாலைக்குள் வண்டியைத் திருப்புகிறான். முள்கம்பியில் சக்கரம் கிழிந்து நடுவழியில் நிற்கும் ஐந்து நண்பர்களின் வண்டியில் மோதுகிறான். அதற்குப் பிறகு, மனிதரைத் தின்னும் மூன்று காட்டுவாசிக் கொலைகாரர்கள் அவர்களைத் துரத்துகிறார்கள்; யார் யார் சாவார்கள் என்பதைக்கூட ஓரளவு ஊகித்துவிடலாம். 1972இல் வந்த 'டெலிவரன்ஸ்', 1974இல் டோபி ஹூப்பர் எடுத்த 'தி டெக்சாஸ் செயின் சா மாசகர்', 1977இல் வெஸ் கிரேவன் எடுத்த 'தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்' ஆகிய மூன்றுக்கும் இந்தப் படம் பட்டிருக்கும் கடன் வெளிப்படையானது. அதை மறைக்கவும் அது முயலவில்லை. 'டெலிவரன்ஸ்' படத்தை அதன் பாத்திரம் ஒன்றே பெயர் சொல்லி நினைவூட்டுகிறது. திரைக்கதையை எழுதிய ஆலன் மெக்எல்ராய் 1988இல் 'ஹாலோவீன்' என்ற கொலைத் திகில் பட வரிசையின் நான்காம் படத்தை எழுதியவர். இந்த வகைக்கு எது தேவை, எது தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே படம் முடிந்துவிடுகிறது.

என் மகிழ்ச்சி தொடங்கும் இடம் கதை அன்று, காடு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எடுத்த படம் இது. நம் பினாங்கின் தெலுக் பாஹாங்கிலிருந்து கெராச்சுட் கடற்கரைக்கு நடந்தவர்களுக்குத் தெரியும், இங்கே புதரும் கொடியும் அடர்ந்து பத்தடிக்கு அப்பால் நிற்பவரைக்கூட மறைத்துவிடும். படத்தில் வரும் காடு வேறு. மரங்கள் விலகி நிற்கின்றன, வெயில் தரைவரை இறங்குகிறது, துரத்தி வருபவன் தொலைவிலேயே கண்ணில் படுகிறான். ஓடுபவரும் அவன் கண்ணுக்குத் தப்ப முடியாது. இயக்குநர் ராப் ஷ்மிட் முதல் பாதியின் பெரும்பகுதியை இருளின் துணை இல்லாமல், நல்ல பகல் வெளிச்சத்திலேயே நடத்துகிறார். பச்சை நிறமே அச்சமாக மாறுவதை அங்கே கண்டேன்.

குடிசைக் காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒளிந்து கிடக்க, கொலைகாரர்கள் மூவரும் தோழியின் உடலைக் கொண்டுவந்து போட்டு, வெட்டித் தின்று, அப்படியே உறங்கிப்போகிறார்கள். துரத்தலே உயிரான ஒரு படம் அங்கே முற்றிலும் நின்றுவிடுகிறது. உறங்குபவர்களைத் தாண்டி வாசலை அடைய வேண்டும் என்ற ஒரே ஒரு சிக்கலை வைத்துக்கொண்டு, பலகை கிறீச்சிடுமோ என்று நம்மையும் மூச்சடக்க வைக்கிற அந்தப் பொறுமையை, இதைவிடப் பெரிய பெயர் பெற்ற படங்களிலும் நான் அதிகம் கண்டதில்லை.

அடுத்தது மரக்கிளைக் காட்சி. தீக்கண்காணிப்புக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறியவர்கள், கீழே தீ மூட்டப்பட்டதும் பக்கத்து மரங்களுக்குத் தாவுகிறார்கள். அதுவரை முன்னும் பின்னுமாக நடந்த ஓட்டம் மேலும் கீழுமாக மாறுகிறது. கால் வைக்கத் தரையில்லை, ஒளியப் புதரில்லை, கிளை முறிந்தால் சாவு. காட்டில் நடக்கும் கொலைப் படங்கள் எத்தனையோ வந்திருந்தும் மரத்தின் உயரத்தை இவ்வளவு முழுமையாகப் பயன்படுத்தியது எனக்குத் தெரிந்து இதுதான். கோடரி பாயும் அந்த ஒரு நொடியில் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொன்னீர்கள். கோடரி மரத்தில் பதிந்து நிற்க, உடல் மட்டும் கீழே விழும் அந்த இடத்தில் இசையோ அலறலோ முந்திக்கொண்டு நமக்குச் சேதி சொல்வதில்லை.

கொலைகாரர்களின் முகங்களை உருவாக்கியது ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறை. 'டெர்மினேட்டர்', 'ஜுராசிக் பார்க்' படங்களில் பணியாற்றிய அதே வின்ஸ்டன்தான் இதன் தயாரிப்பாளர்களிலும் ஒருவர். உடலில் ஒட்டிய ஒப்பனைக்கு எடை உண்டு, வியர்வை உண்டு. அந்த மூவரும் பேசாமலே ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபட்டுத் தெரிகிறார்கள்.

குறைகளில் பலவற்றை நான் பொருட்படுத்தவில்லை. பாத்திரங்களுக்கு ஆழமில்லை, முடிவு அவசரமாக வெடித்துத் தீர்கிறது, போகட்டும். ஒன்று மட்டும் உறுத்துகிறது. தொடக்க எழுத்துகளின்போதே செய்தித்தாள் துணுக்குகளைக் காட்டி, மலைவாழ் குடும்பங்கள் தமக்குள்ளேயே மணந்து கெட்டுப்போனவர்கள் என்று படம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. மேற்கு வர்ஜீனியாவை உள்ளடக்கிய அப்பலாச்சிய மலைப்பகுதியில், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த மக்களை நகரம் நெடுங்காலமாக இப்படித்தான் வரைந்துவந்திருக்கிறது. கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த நம் பாட்டியின் பிள்ளைகளை, பட்டணத்துக்கு வந்த புதிதில், 'தோட்டத்து ஆட்கள்' என்று தள்ளி நிறுத்தியவர்களைப் பற்றி நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். எனவே ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தத் தொடக்கம் என்னைக் கூசவைக்கிறது. அந்தக் கூச்சத்தைத் தள்ளிவிட்டுப் படத்தை ரசிக்க என்னால் முடியாது. அதையும் வைத்துக்கொண்டுதான் ரசிக்கிறேன்.

2007இல் ஜோ லிஞ்ச் இயக்கிய இரண்டாம் பாகம் நேராகக் குறுந்தட்டில் வந்தது. அது சிரிப்பின் பக்கம் சாய்கிறது, இரத்தமும் அதிகம். எனக்கு முதல் படத்தின் இறுக்கம்தான் பிடிக்கும். விடுமுறைக்குப் பினாங்கு வரும்போது முழுப் படத்தையும் மறுபடி பார்க்க உங்களை வற்புறுத்த மாட்டேன். கோபுரத்தில் ஏறுவதிலிருந்து மரத்திலிருந்து இறங்கும்வரை மட்டும், இந்த முறை முகத்தைத் திருப்பாமல், என்னோடு உட்கார்ந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி