ரிசல்ட் வர்ற வரைக்கும் நாங்க என்ன பண்றது? டாக்டருங்களுக்கும் லேப்ல இருக்குறவங்களுக்கும் ஒரு மடல்

பால்வினை நோய் டெஸ்ட் எடுக்குற டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், கவுண்டர்ல பில் போடுறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

ரத்தம் எடுத்து பஞ்சு வச்சு அமுக்க சொல்லிட்டு "ரிசல்ட் வந்ததும் சொல்றோம்"னு அனுப்பி விட்டுடுறீங்க. அதுக்கப்புறம் எங்க நிலைமை என்னன்னா, தெரியாத நம்பர்ல போன் வந்தா எடுக்கவும் பயம், எடுக்காம விடவும் பயம், பாத்ரூம் கதவ சாத்திட்டு மொபைல் டார்ச் அடிச்சு ஒரு சின்ன பரு நேத்தே இருந்துச்சா இன்னைக்குதான் வந்துச்சான்னு திரும்ப திரும்ப பாக்குறது, அப்புறம் நெட்ல தேடி இருக்குற கொஞ்சநஞ்ச தூக்கத்தையும் கெடுத்துக்குறது.

முதல்ல, என்ன டெஸ்ட் எடுத்தீங்கன்னு சொல்லுங்க. "எல்லாம் எடுத்தாச்சு"ன்னா எது எல்லாம்? பல பேருக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் மட்டும்தான் பாத்திருப்பீங்க. கிளமிடியா, கொனோரியாவுக்கு யூரினோ ஸ்வாபோ (பஞ்சு குச்சியால தடவி எடுக்குற சாம்பிள்) வேணும், தொண்டைல ஸ்வாப் எடுக்கலன்னா தொண்டைல இருக்குறது தெரியவே தெரியாது. ஹெர்பிஸ் வழக்கமான டெஸ்ட்ல வர்றதே இல்ல. டெஸ்ட்டுக்கு வந்தவரு பயப்படுறது ஒண்ணு, நீங்க டெஸ்ட் பண்ணது இன்னொண்ணு, ரிப்போர்ட் மட்டும் நார்மல்!

அடுத்தது விண்டோ பீரியட், அதாவது தொற்று இருந்தும் டெஸ்ட்ல தெரியாத நாட்கள், என் பெரிய ஆதங்கமே இதுதான். நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பண்ற ஆன்டிஜென்-ஆன்டிபாடி டெஸ்ட் (கிருமியோட புரதத்தையும், அதுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியையும் சேத்து பாக்குறது), தொற்று ஏற்பட்ட 18ல இருந்து 45 நாளுக்குள்ள எச்.ஐ.வி.ய காட்டும், ஆன்டிபாடி மட்டும் பாக்குற ரேபிட் டெஸ்ட்டுக்கு 90 நாள் கூட ஆகலாம். ஒரு வாரத்துல வந்தவர்கிட்ட நெகட்டிவ்னு பேப்பர நீட்டினா, ஒண்ணு அவரு நம்பி விட்டுடுவாரு, இல்ல அரைகுறையா படிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து பயப்பட ஆரம்பிப்பாரு. இன்ன தேதிக்கு மேல ஒரு தடவை வாங்க, அதுல நெகட்டிவ்னா முடிஞ்சுதுன்னு ஸ்லிப்லயே எழுதி குடுத்தா என்ன குறைஞ்சு போகுது?

உள்ள வந்ததும் யாரோட, ஏன்னு கேக்குறதுக்கு முன்னாடி எப்போன்னு கேளுங்க ப்ளீஸ். எச்.ஐ.வி. தடுக்குற பெப் மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 28 நாள் சாப்பிடணும். உங்க அட்வைஸ கேட்டு முடிக்குறதுக்குள்ள அந்த டைம் போயிடக்கூடாது.

சிபிலிஸுக்கு பாக்குற விடிஆர்எல் டெஸ்ட் பாசிட்டிவ்னு போன்ல சொல்லிட்டு கட் பண்ற பழக்கத்தையும் விடுங்க. கர்ப்பமா இருந்தாலோ வேற சில நோய் இருந்தாலோ கூட அது பாசிட்டிவ் காட்டும், டிபிஹெச்ஏ மாதிரி இன்னொரு டெஸ்ட் பண்ணிதான் உறுதி பண்ணணும்னு அதே மூச்சுல சொல்லுங்க. சிபிலிஸ்தான்னு உறுதியானாலும் ஆரம்ப கட்டத்துல பென்சிலின் ஊசி ஒண்ணுலயே சரியாகும், கிளமிடியான்னா வழக்கமா ஏழு நாள் டாக்சிசைக்ளின். இத முன்னாடியே சொல்லியிருந்தா பாதி பேரு உயிரே போன மாதிரி உக்காந்திருக்க மாட்டாங்க.

ரிசல்ட் வர்ற வரைக்கும் உறவு வேணாம், வச்சுக்கிட்டா காண்டம் கட்டாயம்னும் நீங்களே சொல்லிடுங்க, எங்களுக்கு கேக்க வாய் வராது.

கடைசியா ஒண்ணு. "நேர்ல வாங்க"ன்னு போன் வந்தாலே பாசிட்டிவ்னுதான் மனசு முடிவு பண்ணிடுது. நேர்லதான் சொல்லணும்னு ரூல் இருந்தா இருக்கட்டும், ஆனா நெகட்டிவா இருந்தாலும் நேர்லதான் சொல்வோம்னு ரத்தம் எடுக்குற அன்னைக்கே சொல்லிடுங்க.