இட்லி மாவும் ஆறாம் வகுப்புக் கணக்கும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் ஆறாம் வகுப்பில் ஒரு சின்ன வேலை கொடுத்தோம். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம் உள்ள தேசியக் கொடிப் படத்தை, உயரம் 30 செ.மீ. வரும்படி பெரிதாக்கி வரைய வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நீளத்தை 40 என்று வைத்துவிட்டார்கள். "உயரத்தில் பத்து கூட்டினோம் சார், அதனால் நீளத்திலும் பத்து." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கொடி எந்த அளவில் இருந்தாலும் நீளமும் உயரமும் 3:2 ஆக இருக்க வேண்டும் என்பது விதி. உயரம் 30 என்றால் நீளம் 45. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும், "எங்களுது குட்டையா இருக்கு சார்" என்று அவர்களே சொன்னார்கள்.

விகிதத்தில் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். பிள்ளைகள் வழுக்குவது இந்த ஒரே இடத்தில்தான். கரும்பலகையில் நாலு தடவை போட்டுக் காட்டினாலும் ஐந்தாவது கணக்கில் மறுபடி கூட்டுகிறார்கள். இதற்கு எங்கள் வகுப்பறையைவிட உங்கள் அடுப்படி நல்ல இடம்.

நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். (மூன்றுக்கு ஒன்று போடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) விருந்தாளி வருகிறார்கள் என்று இரண்டிலும் இரண்டிரண்டு டம்ளர் கூட்டினால் ஆறுக்கு மூன்று, அதாவது இரண்டுக்கு ஒன்று ஆகிவிடும். உளுந்து மிஞ்சி இட்லி தட்டையாகிப் போகும். அரிசி ஆறு என்றால் உளுந்து ஒன்றரைதான். உங்கள் கைக்கு இது தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. அடுத்த முறை ஊறப்போடும்போது பக்கத்தில் நிறுத்தி, "எவ்வளவு உளுந்து போடட்டும்?" என்று கேளுங்கள். கொத்தனார் வேலைக்குப் போகும் அப்பாக்கள் பூச்சுக் கலவையை வைத்து இதே கேள்வியைக் கேட்கலாம்.

ஒரு ஏ4 தாள் கிடைத்தால் அதையும் கொடுத்துப் பாருங்கள். நீளம் 297 மி.மீ., அகலம் 210 மி.மீ. நீளத்தைப் பாதியாக மடித்தால் 210-க்கு 148.5. இரண்டிலும் பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஏறக்குறைய 1.414 வரும். தாள் பாதியாகியும் வடிவம் மாறவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்தைச் சுருக்கும்போது ஓரம் வெட்டுப்படாமல் வருவது இதனால்தான். நீளத்தை மட்டும் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் கல்யாண பிளெக்ஸ்களில் மாப்பிள்ளை முகங்களைப் பார்த்தாலே போதும்.

அப்புறம் ஒரு குறுக்குக் கேள்வி: ஒரு முட்டை வேக பத்து நிமிடம் என்றால், ஒரே பாத்திரத்தில் நாலு முட்டை வேக எவ்வளவு நேரம்? வகுப்பில் நிறையப் பேர் நாற்பது என்றார்கள். எல்லாவற்றிலும் விகிதம் பார்க்கக்கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் சேர்த்திதான்.

வீட்டில் தாங்களே அளந்த ஒரு விகிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்